வேட்டை நின்ற பிறகு நம் நாய்கள்

(பாளையங்கோட்டையில், நாய் வளர்ப்போரும் கால்நடை மருத்துவ மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஒரு கால்நடை மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போகிறவர் முதலில் மூக்கைப் பார்ப்பார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அடுத்து உடம்பு. பால் வெள்ளையாக, ஒரு பொட்டுக்கூட இல்லாமல் இருக்க வேண்டும். காதோரம் ஒரு செம்புள்ளி தெரிந்தால் விலை இறங்கிவிடும். வால், கால், நெஞ்சு எல்லாம் பார்ப்பார்கள். குட்டிக்குக் காது கேட்கிறதா என்று கேட்டு வாங்கியவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று மாதம் போனபிறகு அதே ஆள் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். "டாக்டரே, நல்லாத்தான் திங்குது, நல்லாத்தான் ஓடுது. கூப்பிட்டா மட்டும் திரும்பிப் பாக்க மாட்டேங்கு. திமிரு பிடிச்ச குட்டியா இருக்கும்போல." திமிர் எதுவும் இல்லை. அந்தக் குட்டிக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

இதை விதி என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஊசி போட்டதால் வந்தது, தாய் நாய் சினையாக இருந்தபோது வெடிச்சத்தம் கேட்டதால் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. இவை எதுவும் சரியில்லை. நாம் எந்த நாயை எந்த நாயோடு சேர்த்தோம் என்பதிலிருந்து வந்தது அது. அதைத்தான் இன்றைக்கு விரிவாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

குட்டி பிறக்கும்போது கண்ணும் காதும் மூடியிருக்கும். இரண்டு வாரம் ஆகும்போது கண் திறக்கும், அதையொட்டிக் காதுத் துளையும் திறக்கும். காதின் உள்ளே சுருண்டிருக்கும் கேள் உறுப்பின் சுவரில் நிறமி அணுக்கள் இருக்கின்றன. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற அதே வகை அணுக்கள்தாம். கருவில் முதுகுப் பக்கம் தோன்றி, அங்கிருந்து உடம்பு முழுக்க நகர்ந்துபோய்க் குடியேறுகின்றன. வெள்ளை நாய்கள் பலவற்றில் இந்தக் குடியேற்றம் குறைவு. அதனால்தான் முடி வெள்ளையாகிறது. முடியில் நிறமில்லாவிட்டால் நாய்க்கு நஷ்டமில்லை. உட்காதுக்கும் அந்த அணுக்கள் போய்ச் சேராவிட்டால்தான் சிக்கல். அங்கிருக்கும் திரவத்தின் உப்புச் சமநிலை கெட்டு, ஒலியை உணரும் நுண்ணிய மயிர் அணுக்கள் பிறந்த சில வாரங்களிலேயே மடிந்துவிடும். மடிந்தவை திரும்ப முளைப்பதில்லை. மருந்து இல்லை, அறுவை சிகிச்சையும் இல்லை.

இது நம் நாய்க்கு மட்டும் வந்த கேடு இல்லை. வெள்ளை முடியும் நீலக் கண்ணும் உள்ள பூனைகள் செவிடாக இருப்பதை டார்வின் 1859-இல் வெளியிட்ட தம் நூலிலேயே குறித்திருக்கிறார். டால்மேஷியன், புல் டெரியர், டோகோ அர்ஜென்டினோ என்று வெள்ளைக்காகத் தேர்ந்தெடுத்த இனங்கள் பலவற்றிலும் இது இருக்கிறது. அமெரிக்காவில் டால்மேஷியன் நாய்களை ஆயிரக்கணக்கில் சோதித்துப் பார்த்தார்கள். 100 நாய்க்குச் சுமார் 8 நாய் முழுச் செவிடு. சுமார் 22 நாய்க்கு ஒரு காது மட்டும் கேட்கவில்லை.

அந்த 22 என்ற எண்ணைக் கொஞ்சம் மனத்தில் வையுங்கள். இரண்டு காதும் கேட்காத குட்டியைக் கவனமுள்ள வளர்ப்பவர் ஆறாவது வாரத்துக்குள் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். குட்டிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து தூங்கும்போது, அவற்றின் கண்ணில் படாமல், தரை அதிராமல், சற்றுத் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். எல்லாம் தலை தூக்கும். ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் குட்டி எழுந்து மிதித்த பிறகுதான் விழிக்கும். விளையாட்டில் அது மற்றவற்றைவிட அழுத்திக் கடிக்கும், ஏனென்றால் கடிபட்ட குட்டி கத்துவது அதற்குக் கேட்காது. கைதட்டிப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். கையசைவைப் பார்த்தும் காற்று மேலே பட்டும் செவிட்டுக் குட்டி திரும்பிவிடும்.

ஒரு காது கேட்கிற குட்டி இந்தச் சோதனை எல்லாவற்றிலும் தேறிவிடும். கூப்பிட்டால் ஓடிவரும். ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதில் மட்டும் தடுமாறும், அதையும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். நல்ல உயரம், நல்ல வெள்ளை, சிவந்த மூக்கு. ஊர் முழுக்க அதைத்தான் பெட்டைக்குச் சேர்க்கக் கேட்பார்கள். பிறகு ஈத்துக்கு ஈத்து செவிட்டுக் குட்டி விழும்போது, "தாயும் தகப்பனும் நல்லாத்தானே இருக்கு" என்று தலையில் கை வைப்பார்கள். ஒரு காது செவிடான நாயைச் சேர்த்தாலும் குட்டிகளுக்குச் செவிடு வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பது டால்மேஷியனில் தெளிவாகத் தெரிந்த விஷயம்.

ஒற்றைக் காதுச் செவிட்டைக் கண்டுபிடிக்க ஒரே வழி மூளைத்தண்டு கேள்திறன் சோதனை. குட்டிக்கு 5 வாரம் நிறைந்தால் செய்யலாம். உச்சந்தலையிலும் காதடியிலும் மயிரிழை போன்ற ஊசிகளைத் தோலுக்குள் லேசாகச் செருகுவார்கள். ஒரு காதில் மட்டும் சிறு சொடுக்கொலியைத் திரும்பத் திரும்பப் பலமுறை தருவார்கள். கேட்கிற காது என்றால், ஒலி பட்ட 10 மில்லி விநாடிக்குள் திரையில் சிறு சிறு மலைகளாக அலை எழும். கேளாத காதுக்கு நேர்கோடு. ஒரு காதுக்குச் சில நிமிடம் போதும். பெரும்பாலான குட்டிகளுக்கு மயக்க மருந்துகூடத் தேவைப்படாது, பால் குடித்து அசந்த நேரத்தில் செய்துவிடலாம். இராமையன்பட்டியில் நமக்கென்று ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இணை சேர்க்கப் போகும் ஒவ்வோர் இராஜபாளையம் நாய்க்கும் இந்தச் சோதனை நடக்க வேண்டும். குறைந்த கட்டணத்தில் கிடைக்க வேண்டும். இதை வளர்ப்பவர்கள் ஒன்றுகூடிக் கேட்டால்தான் நடக்கும். தனியாள் கேட்டு நடக்காது.

இப்போது சற்றுப் பின்னால் போகிறேன். சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி என்று கரிசல் காட்டில் சிப்பிப்பாறையும் கன்னியும் யாரும் ஏடு எழுதி வளர்த்த நாய்கள் இல்லை. பாளையக்காரர் காலத்திலிருந்து அவற்றுக்கு ஒரே பரீட்சைதான். முயலைத் துரத்திப் பிடிக்க வேண்டும், சித்திரை வெயிலில் ஓடி மூச்சு வாங்காமல் திரும்ப வேண்டும், கம்பங்கூழைக் குடித்துவிட்டு மறுநாளும் ஓட வேண்டும். இடுப்பு வலுவில்லாத நாய், கண் மங்கிய நாய், காது கேளாத நாய் அந்தக் காட்டில் தேறாது. தேறாத நாய்க்கு வாரிசும் கிடையாது. குட்டியை விற்கும் வழக்கமும் இருக்கவில்லை. நம்பிக்கையான வீட்டுக்குக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இந்த முறையில் கொடுமை நிறைய உண்டு. நிறம் தப்பிய குட்டியையும் வேண்டாத பெட்டையையும் பிறந்த அன்றே குழியில் இட்டதைப் பெரியவர்கள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். அதை நான் புகழ வரவில்லை. ஆனால் நாயின் உடம்பைச் சோதிக்க ஒரு கடுமையான பரீட்சை இருந்தது என்பது உண்மை.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காலப்போக்கில் முயல் வேட்டை முழுக்கவே குற்றமானது. அது நியாயமான சட்டம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. களக்காடு முண்டந்துறையில் இன்றைக்குக் காடு மிஞ்சியிருப்பதற்கு அப்படிப்பட்ட சட்டங்களே காரணம். ஆனால் வேட்டை நின்ற அன்றைக்கே நாயைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சையும் நின்றுபோனது. அந்த இடத்துக்கு நாம் வேறொன்றைக் கொண்டு வரவில்லை. காட்சிப் போட்டியில் நிற்கும் அழகு வந்தது. யூடியூபில் தெரியும் உயரம் வந்தது. 2005-இல் இராஜபாளையத்துக்குத் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் நாட்டு நாய் இனங்களாகப் பதிவு செய்தவற்றில் இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இருக்கின்றன. இதெல்லாம் நமக்குப் பெருமை. கூடவே குட்டி கேட்பவர்களும் பெருகினார்கள். கேட்பவர் பெருகும்போது ஒரே கடுவனுக்கு வேலை கூடுகிறது.

ஒரே கடுவனால் என்ன கெடும்? நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டிவைக்கிற வழக்கம் நமக்குப் புதிதில்லை. அந்தத் தம்பதியின் பிள்ளைக்கு, ஒரே முன்னோரின் ஒரே மரபணு தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வந்து இரண்டு பிரதியாகச் சேரும் வாய்ப்பு 6.25 சதவீதம். தாய்மாமனையே கட்டினால் 12.5 சதவீதம். நாயில் தகப்பனை மகளோடு சேர்த்தால் 25 சதவீதம். ஒரே ஈத்தில் பிறந்த அண்ணன் தங்கையைச் சேர்த்தாலும் 25 சதவீதம். ஒரே கடுவனுக்கு வேறு வேறு தாயிடம் பிறந்த குட்டிகளைச் சேர்த்தால் 12.5. தாய்மாமன் கல்யாணத்துக்கே டாக்டர் எச்சரிக்கிறார். நாமோ "லைன் கெடக் கூடாது" என்று தகப்பனை மகளோடு சேர்த்துவிட்டு, அடுத்த தலைமுறையில் பேத்தியோடும் சேர்க்கிறோம்.

பல பரம்பரை நோய்கள் ஒளிந்திருந்து வருபவை. கண்ணின் விழித்திரை மெல்ல மெல்லக் கெட்டுக் குருடாக்கும் நோய் பல இனங்களில் அப்படித்தான் வருகிறது. கெட்ட மரபணுவை ஒரே பிரதியாகச் சுமக்கும் நாய்க்கு ஒன்றும் தெரியாது. அப்படிச் சுமக்கும் இரண்டு நாய்களைச் சேர்த்தால், நான்கு குட்டிக்கு ஒன்று வீதம் நோயோடு பிறக்கும். அப்படிச் சுமக்கும், ஊர் புகழும் ஒரு கடுவன் 50 பெட்டைக்குச் சேர்ந்திருந்தால், அதன் மகன்களிலும் மகள்களிலும் பாதிப் பேர் அதைச் சுமப்பார்கள். அந்தத் தலைமுறையில் யாருக்கும் எதுவும் தெரியாது. மகன் மகள்களையோ பேரன் பேத்திகளையோ தமக்குள்ளேயே சேர்க்கத் தொடங்கும்போதுதான் நோய் வெளியே வரும். அந்த நேரத்தில் நோயில்லாத வேறு இரத்தம் தேடினால் ஊரில் இருக்காது.

கலப்பு என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்களுக்குக் கசக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. குட்டி பருமனாகத் தெரிய வேண்டும் என்று டால்மேஷியனையும் கிரேட் டேனையும் சேர்த்துவிட்டு, அதையே இராஜபாளையம் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அது ஏமாற்று. அதிலும் டால்மேஷியனைச் சேர்ப்பது, செவிட்டின் மேல் செவிட்டைக் கொண்டுவந்து சேர்ப்பது. ஆனால் அதே டால்மேஷியனை வைத்தே இன்னொரு கதையும் உண்டு. அந்த இனத்து நாய்கள் அனைத்துக்கும் அப்போது சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகமாக இருந்தது. பல கடுவன்களுக்குக் கல் அடைத்துச் சிறுநீர் நின்றுபோனது. இனம் முழுவதிலும் நல்ல மரபணு ஒரு நாயிடம்கூட மிஞ்சவில்லை. 1973-இல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரே ஒரு பாயின்டர் நாயை ஒரு டால்மேஷியனோடு சேர்த்தார். பிறந்த குட்டிகளில் நல்ல மரபணு உள்ளதைத் தேர்ந்து மறுபடி டால்மேஷியனோடு சேர்த்தார். தலைமுறை தலைமுறையாக அதையே செய்தார். கடைசியில் புள்ளியும் உருவமும் முழு டால்மேஷியன், சிறுநீர் மட்டும் சாதாரண நாயின் சிறுநீர். அந்த இனத்துச் சங்கம் பல்லாண்டு எதிர்த்தது. அமெரிக்க கெனல் கிளப் 2011-இல்தான் அவற்றை முழுமையாக ஏற்றுக்கொண்டது. கிட்டத்தட்ட 40 ஆண்டு! அதுவரை எத்தனை நாய்கள் கல்லடைத்துத் துடித்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. தூய்மை என்ற ஒன்றுக்காக அவ்வளவு வலியை ஒரு வாயில்லாச் சீவன் மேல் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையே இன்னும் வரவில்லை. செம்புள்ளி உள்ள இராஜபாளையம் குட்டியை ஒதுக்காமல் இருந்தாலே போதும். நிறத்திட்டோடு பிறக்கும் குட்டிக்குக் கேட்கும் வாய்ப்பு அதிகம் என்பதை டால்மேஷியனிலேயே பார்த்திருக்கிறார்கள். செம்புள்ளிக் குட்டியையும் இணையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கண் நீலமாக உள்ளதைத் தவிருங்கள். விலை குறைகிறதே என்பீர்கள். வாங்குபவர் கேட்பதைத்தான் விற்பவர் கொடுக்கிறார். ஆகவே இந்த அவையில் வாங்குபவராக உட்கார்ந்திருப்பவர்களிடமும் சேர்த்தே சொல்கிறேன்.

வெளிநாட்டு இனங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கைபேசி விளம்பரத்தில் பக் நாய் வந்த பிறகு, பாளையங்கோட்டைத் தெருக்களிலும் பக் வந்தது. நாய்க்கு வியர்த்துச் சூடு தணியப் பெரிதாக வழியில்லை. மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்ளும். மூக்கையே அமுக்கி உருவாக்கிய நாய் எப்படி இரைக்கும்? அக்கினி நட்சத்திரத்தில் மதியம் நடைக்குக் கூட்டிப் போன பக், நாக்கு நீலம் பாரித்து என் மேசையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். 2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை பக், பிரெஞ்சு புல்டாக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட 11 இனங்களை இங்கே பெருக்கக் கூடாது என்றது. அதற்கு எதிர்ப்பு வந்தது. நான் அந்தக் கொள்கையை வரவேற்கிறேன். லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் வைத்திருப்பவர்கள் இணை சேர்க்கும் முன்னால் 2 வயதில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இடுப்புக் கிண்ணத்தில் தொடை எலும்பு சரியாக உட்காராத குறை பரம்பரையில் வருவது. வழுக்கும் டைல்ஸ் தரையும் மிதமிஞ்சிய தீனியும் அதை இன்னும் மோசமாக்கும்.

எக்ஸ்ரேயும் கருவியும் இல்லாத கிராமத்திலும் செய்யக்கூடிய இரண்டு காரியங்கள் உண்டு. இளங்குட்டிக்கு உடம்பு முழுக்கச் சொறி வந்து முடி உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். டெமோடெக்ஸ் என்ற நுண்ணுண்ணி அது. பிறந்த சில நாளில் தாயிடமிருந்து எல்லாக் குட்டிக்கும் வருவதுதான். உடம்பு முழுக்கப் பரவுவது சில குட்டிகளுக்கு மட்டும்தான், அதற்குப் பரம்பரை எதிர்ப்புக் குறைவு காரணம். மருந்து கொடுத்தால் சரியாகும். முடி பளபளவென்று முளைத்த பிறகு அதையே இணை சேர்க்கிறார்கள். கூடாது. இன்னொன்று ஒற்றை விதை. 6 மாதம் ஆன கடுவனின் விதைப்பையைக் கையால் தொட்டுப் பாருங்கள், இரண்டும் இறங்கியிருக்க வேண்டும். இறங்காத விதையில் கட்டி வரும் ஆபத்தும் உண்டு. "ஒத்தை விதை நாய்க்குத்தான் வீரம் ஜாஸ்தி" என்று சொல்லி அதைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அதற்குக் கருத்தடை செய்து வீட்டில் அன்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, குட்டி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும். 18 மாதம் நிறையாத நாயை இணை சேர்க்கக் கூடாது. பெட்டைக்கு 8 வயதைத் தாண்டிவிட்டால் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. கடைசி விதி ஒன்றைச் சரியாகக் கடைப்பிடித்தாலே முழுச் செவிட்டுக் குட்டி விற்பனைக்குப் போகாது. 8 வாரம் ஒரே வீட்டில் வளர்ந்த ஈத்தில் எந்தக் குட்டிக்குக் கேட்கவில்லை என்று வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும்.

அந்தக் குட்டியை என்ன செய்வது? குழியில் போடவும் வேண்டாம், இரவோடு இரவாக நாற்கர சாலையோரம் விடவும் வேண்டாம். காது கேளாத நாய் கையசைவுக்குப் பழகும். உட்கார், வா, நில் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை போதும். இருட்டில் டார்ச் அடித்துக் கூப்பிடலாம். தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள், திடுக்கிட்டுக் கடித்துவிடும். மூக்கருகே கையைக் கொண்டுபோனால் வாசனையிலேயே விழிக்கும். வெளியே போனால் கயிறு கையில் இருக்க வேண்டும், அதன் காதுக்கு லாரி ஹாரன் எட்டாது. உண்மையைச் சொல்லி, கருத்தடை செய்து, மதில் உள்ள வீட்டுக்குக் காசு வாங்காமல் கொடுங்கள்.

சென்னை சைதாப்பேட்டையில் அரசே நாட்டு நாய் பெருக்கும் பிரிவு ஒன்றை நடத்தியது. விலங்கு நலத்தார் வழக்குத் தொடுக்க, உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. ஆக, நம் நாய்களின் மரபு இப்போது உங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. சங்கரன்கோவிலில் ஒரு வீட்டில் நல்ல கடுவன் இருக்கும், கோவில்பட்டியில் அதற்கு உறவே இல்லாத பெட்டை இருக்கும். வளர்ப்பவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாததால் இரண்டும் சொந்தத்துக்குள்ளேயே சேர்கின்றன.

ஒரு நோட்டு வாங்குங்கள். வரும் ஈத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள். தாய், தகப்பன், அவற்றின் தாய் தகப்பன். பிறந்த தேதி. எத்தனை குட்டி, எந்தெந்த நிறம். செத்துப் பிறந்ததையும் எழுதுங்கள், வெட்கப்படாமல் எழுதுங்கள். 6-வது வாரத்தில் எதற்குக் காது கேட்டது, எதற்குக் கேட்கவில்லை. எந்தக் குட்டி எந்த ஊருக்குப் போனது. இரண்டு வயதில் அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டு நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டு அதையும் குறித்துவையுங்கள். அடுத்த முறை இணை தேடும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறுங்கள். அங்கே இருப்பவரிடமும் அவருடைய நோட்டைக் கேளுங்கள்.